ஏழு நிமிடம் முன்னால்

மண்டையோட்டுக்கு அடியில் நான்கு பட்டைகள்,
மார்பெலும்பின் கீழே, தோலுக்குள், ஒரு சிறு பெட்டி.
தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
திரையில் எழுத்துகள் மேல்
ஒரு வெளிச்சக் கட்டம் ஊர்ந்து போகும்.
வேண்டிய எழுத்து வந்ததும்
வலது கையை மூடுவதாக நினைத்தால் போதும்,
கை மூட வேண்டியதில்லை என்றான் ருட்கர்.

வலது கை.
லெம்மர் கால்வாயில் இருபத்திரண்டு வருடம்
பாலம் தூக்கிய கை அது.
சிவப்பு விளக்கு, மணி, தடுப்புக் கட்டை,
பிறகு நெம்புகோல். தார்ச்சாலை எழுந்து நிற்கும்.
தூண்டில் கம்பில் மரச்செருப்பைத் தொங்கவிட்டு
படகுகளிடம் சுங்கம் வாங்குவாய்.
காசுக்குப் பதில் கடித்த ஆப்பிளைப் போட்டுவிட்டுப் போன
ஒரு ஜெர்மன்காரனை
அடுத்த பாலத்துக்காரிக்குப் போன் போட்டு
அரைமணி நேரம் தண்ணீரில் நிறுத்திவைத்தவள் நீ.

பிறகு விரல்கள் போயின. நாக்கு போயிற்று.
மூச்சுக்குக் குழாய் வந்தது.
கண்ணை மேலே உயர்த்துவது ஒன்றுதான் மிச்சம்.
மேலே என்றால் ஆம்.

மூன்று வருடம் எழுத்துப் பலகையை ஏந்தி நின்றேன்.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வீட்ஸ்கெ,
இரண்டாவது எழுத்துக்கு மேல் நான் காத்திருந்ததில்லை.
தண்ணீரா? தலையணையா? சரி, தலையணைதானே?
நீ களைத்துப்போய் மேலே பார்ப்பாய்.
பார்த்துப் போக வருகிறவர்களிடம்
நானே சொல்வேன்:
அவளுக்கு ஆர்கன் இசை என்றால் உயிர்.
சாயங்கால வெளிச்சம் அவள் கண்ணுக்கு ஆகாது.
அவள் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை யில்டௌ
காமிராவோடு வந்திருந்தாள்.
நான் சட்டை மாற்றியிருந்தேன்.
ஓர் எழுத்துக்கு இருபது நொடி,
சில சமயம் ஒரு நிமிடம்.
ருட்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
என் பெயராக இருக்கும் என்று நினைத்தேன்,
இல்லாவிட்டால் மகள் பெயர்.

கடிகாரம் ஏழு நிமிடம் முன்னால்.

உன் கட்டிலுக்கு நேர் எதிரே
நான்தான் ஆணியடித்து மாட்டியது.
படகுகளுக்கு நேரம் எழுதி வாழ்ந்தவள் முன்னால்
ஒரு பொய் மூன்று வருடம் டிக் டிக் என்று ஓடியிருக்கிறது.
யில்டௌ சிரித்தாள், பிறகு சிரிப்பு என்னவோ ஆயிற்று.
காமிரா வெகுநேரம் தரையைப் படம் பிடித்தது.
நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்பினேன்.
ஒருமுறை அதிகமாகத் திருப்பிவிட்டு
மறுபடி சுற்றி வந்தேன்.

புதன்: ஆர்கன் வேண்டாம்.
வியாழன்: திரைச்சீலையை இழுக்காதே.
வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கி
மதியக் கஞ்சி குழாயில் இறங்கும்வரை
ஒரே வாக்கியம்:
நான் தேற்றிக்கொள்ளவில்லை.
நான் அதைப் படித்துவிட்டு
பாத்திரம் கழுவப் போனேன். கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

அழிப்பதற்கும் அதே விலைதான்,
ஓர் எழுத்துக்கு ஒரு நினைப்பு.
நேற்று நீ எழுதத் தொடங்கினாய்:
டௌவெ, நீ
அப்புறம் கட்டம் ஊர்ந்தது, ஊர்ந்தது,
எங்கும் நிற்கவில்லை.
என் வாயில் அந்த வாக்கியத்துக்கு
பத்து முடிவுகள் வந்து நின்றன.
நல்லவன், மோசம், கிழவனாகிவிட்டாய், சாப்பிட்டாயா.
பல்லைக் கடித்துக்கொண்டேன்.
நீ ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் போய்
நீ என்பதை அழித்தாய்,
என் பெயரையும் அழித்தாய்,
கருவியை அணைத்தாய்.

மூன்று வருடமாக நீ பேசாதிருந்ததில்லை,
பேச முடியாதிருந்தாய்.
நேற்றுதான் பேசாதிருந்தாய்.
என்ன அது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.
திரைச்சீலை விலகியிருந்தது.
சாயங்கால வெளிச்சம் உன் முகத்தில் நேராக விழுந்தது,
நீ கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

வெளியே பாலத்து மணி அடித்தது.
ஒரே ஒரு படகு, அதுவும் சின்னது.
இரண்டு பக்கமும் வண்டிகள்
எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன.